படம் வராத ஒன்பது நிமிடம்

நாள் 138 / 08:10
நிலவின் தென்துருவ நிலையம். பதிவு செய்பவர் ஹெலன் புஷ்பம், பாறை ஆய்வாளர். நிலையத்தில் நான் ஒருத்திதான். அழுத்தம், ஆக்சிஜன், வெப்பம் சரி. மாற்று ஆளோடு கலம் வர 41 நாள் இருக்கிறது.
பழுது ஒன்று. தொடர்புக் கணினி ஓடுகிறது. திரையில் படம் இல்லை.

நாள் 138 / 11:30
இந்தக் கணினிக்குப் பதினெட்டு வயது. வீடியோ அழைப்பை எடுக்கக்கூடியது இது ஒன்றுதான். இன்னொன்று எழுத்துச் செய்திக்கு மட்டுமான சிறு கருவி.
விசிறி சுழல்கிறது. ஹார்டு டிஸ்க் விளக்கு மினுக்குகிறது. தொடங்கும்போது பீப் ஒலி: ஒன்று நீளம், இரண்டு குட்டை. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு என்று அர்த்தம். கார்டைக் கழற்றி, அதன் பற்களை ரப்பரால் தேய்த்து, திரும்ப அழுத்தி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். அதே பீப்.

நாள் 138 / 15:40
உதிரி கார்டு ஒன்று இருந்தது. போன கலத்தில் வந்த புதுக் கார்டு. பழைய மதர்போர்டுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. மதர்போர்டின் சின்ன பேட்டரியை அரை மணி நேரம் கழற்றி வைத்து அமைப்புகளை அழித்துப் பார்த்தேன். பயனில்லை. பழைய கார்டையே மாட்டிவிட்டேன்.
நாளை பத்து மணிக்கு என் கணவர் டென்னிசனுடன் வீடியோ அழைப்பு. ஒன்பது நிமிடம். நாகர்கோவிலில், மருத்துவமனை ஐசியுவில் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். பிறவியிலேயே காது கேளாதவர். எங்கள் பதினாறு வருடப் பேச்சு முழுக்கக் கையால்தான். இப்போது பேனா பிடித்தால் இரண்டு சொல்லுக்கு மேல் எழுத முடிவதில்லையாம்.
எனக்குப் படம் வேண்டும். குரல் வந்து என்ன செய்ய?

நாள் 139 / 09:45
தரையிலிருந்து ஷாகுல், எங்கள் தொடர்பு அதிகாரி:
“மேடம், உங்க கேமரா நல்லா வேலை செய்யுது. சார் உங்களப் பாக்கலாம். உங்களுக்குத்தான் தெரியாது. கேன்சல் பண்ணிரவா?”
அடுத்த வாய்ப்பு பன்னிரண்டு நாள் கழித்து. டென்னிசன் நான்கு நாளாக இதற்காகக் காத்திருக்கிறார். தங்கையைக்கூட வெளியே இருக்கச் சொல்லிவிட்டாராம். நாங்கள் இருவர் மட்டும் பேச வேண்டுமாம். வேண்டாம், இணையுங்கள் என்றேன். எனக்குப் படம் தெரியவில்லை என்று அவரிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். பதிவாகத்தானே போகிறது, சரிசெய்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் 139 / 10:20
முடிந்தது. கறுப்புத் திரைக்கு மேலிருந்த கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், சீக்கிரம் வருவேன் என்று கையால் சொன்னேன். அவர் பேசுவதற்காக இடையிடையே நிறுத்தினேன். நிறுத்தியபோதெல்லாம் தலையாட்டினேன். ஒலிபெருக்கியில் அவர் மூச்சும், கை போர்வையில் உரசும் சத்தமும் கேட்டன.
என்னைப் பார்த்துவிட்டார். அது போதும்.

நாள் 141 / 16:00
டென்னிசனின் தங்கை பிரிசில்லாவின் செய்தி: “மைனி, அண்ணன ரூமுக்கு மாத்தியாச்சு. கொழா எல்லாம் எடுத்தாச்சு. நல்லா ஒறங்குதாரு.”
மூன்று முறை படித்தேன். ஷாகுலுக்கும் வாசித்துக் காட்டினேன். இன்று வெளியே போய்ப் பாறையில் இரண்டு துளைகள் போட்டேன். கார்டு வேலையை நாளைக்குத் தள்ளினேன். அவசரம் இல்லை.

நாள் 143 / 07:25
டென்னிசன் காலை 06:40-க்கு இறந்துவிட்டார்.

நாள் 143 / 19:00
எதுவும் பதிவு செய்யவில்லை. அழுத்தம் பார்க்கவில்லை.

நாள் 144 / 12:15
அடக்கம் முடிந்ததும் பிரிசில்லா எழுதினாள்: “நிறுத்திரலாம்னு நீங்க சொன்ன பெறவுதான் அண்ணனுக்கு நிம்மதி. ‘ஹெலன் சரி’ன்னு எழுதிக் காட்டுனாரு. ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல மைனி.”
எதை நிறுத்த? நான் எதற்குச் சரி சொன்னேன்?
பதிவுக் கோப்பைத் தரைக்கு அனுப்பினால் சைகை தெரிந்த பிரிசில்லா பார்த்துச் சொல்வார் என்றார் ஷாகுல். முடியாது என்றேன். எங்கள் இருவருக்கு மட்டும் என்று கேட்டு வாங்கிய ஒன்பது நிமிடம் அது.

நாள் 144 / 14:30
கார்டின் நடுச் சிப்புக்கு அடியில் ஈயப் பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கலாம்; சூடாக்கினால் இளகி ஒட்டும். விசிறியையும் பிளாஸ்டிக்கையும் கழற்றிவிட்டு, பாறை மாதிரிகளை உலர்த்தும் அடுப்பில் வைத்தேன். இருநூறு டிகிரி, எட்டு நிமிடம். ஆறவிட்டு மாட்டினேன்.
ஒரே ஒரு குட்டை பீப். படம் வந்தது.

நாள் 144 / 15:10
பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.
முகம் வீங்கியிருக்கிறது. வலது கையில் ஊசி. இடது கையால் மெதுவாகப் பேசுகிறார். டயாலிசிஸ் தாங்க முடியவில்லை என்கிறார். நிறுத்தினால் சில நாள்தான் என்று டாக்டர் சொன்னாராம். முடிவு உன்னுடையது என்கிறார். நீ வரும்வரை இருக்கச் சொன்னால் இருப்பேன், நாற்பது நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்வேன். நிறுத்தட்டுமா?
திரையின் மூலையில் சின்னதாக நான். சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன்.
அவர் கொஞ்ச நேரம் பார்க்கிறார். கையை மறுபடி தூக்கி, நிஜமாகவா என்று கேட்கிறார்.
அதற்கும் தலையாட்டுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்கிறேன்.
எட்டாவது நிமிடம். கண்ணைத் துடைத்துவிட்டு வேறு ஏதோ சொல்லத் தொடங்கினார். விரல்கள் நெஞ்சுக்கு வந்தன. திரையில் பச்சைக் கோடுகள். பிறகு கறுப்பு.

நாள் 144 / 17:50
இரண்டாம் முறை அடுப்பில். பீப், நீளம், குட்டை, குட்டை. மூன்றாம் முறை வைத்தபோது சிப் நகர்ந்துவிட்டது. கார்டு முடிந்தது.
கடைசி ஒரு நிமிடம் உள்ளே இருக்கிறது.

நாள் 145 / 10:05
கோப்பைப் பிரிசில்லாவுக்கு அனுப்பச் சொன்னேன். கூடவே எழுதினேன்: அன்றைக்கு எனக்குப் படம் வரவில்லை. உன் அண்ணன் கேட்டது எதையும் நான் பார்க்கவில்லை. தெரிவதுபோல் நடித்தேன். இருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கடைசி நிமிடத்தில் அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுது.

நாள் 145 / 13:30
கோப்பை அவள் திறந்துவிட்டதாக ஷாகுல் சொன்னார்.

நாள் 146 / 08:10
அழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. பிரிசில்லாவிடமிருந்து செய்தி இல்லை.

நாள் 149 / 08:10
அழுத்தம் சரி. செய்தி இல்லை.