திங்கட்கிழமை வைத்தியம்

மார்ச் 3, திங்கள்
காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல சர்வரை அணைத்து மறுபடி போட்டோம். பேருந்து நேரம் காட்டும் எங்கள் புரோகிராம் ஒரு வாரம் தாங்காது, திங்கள் காலை மூச்சு முட்டி நின்றுவிடும். ஆறு வருடமாக இதுதான் வைத்தியம். ஏன் என்று கேட்பாரில்லை. நானும் கேட்டதில்லை. முன்பெல்லாம் கேட்டிருப்பேன்.

மார்ச் 4
மேனேஜர் கூப்பிட்டார். "டீம் லீடர் ஆயிடுங்க. புரோகிராம் எழுதற தொல்லை இனிமே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க."
தொல்லையாம். நல்ல செய்திதானே? பிறகு ஏன் உடனே சரி என்று சொல்லவில்லை?

மார்ச் 5
வாங்கி வைத்த ஆன்லைன் வகுப்புகள் பதினொன்று. எதிலும் மூன்றாம் பாடத்தைத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னொண்ணு வாங்கு, டஜன் ஆயிடும்" என்றார். பிறகு, "முன்னல்லாம் ஏதாவது புரிஞ்சா அடுப்படிக்கு ஓடி வந்து சொல்லுவே. எனக்கு ஒரு எழவும் புரியாது. ஆனா கேக்க நல்லாயிருக்கும்."
துணி மடிக்கப் போய்விட்டேன். அழுகை வந்தது.

மார்ச் 6
வீம்புக்குத்தான் ஆரம்பித்தேன். மெமரி, அதாவது நினைவகம், நிறைந்துபோய்த்தான் சர்வர் நிற்கிறது. அதை எது தின்கிறது? பார்க்கத் தெரியவில்லை. பன்னிரண்டு வருட அனுபவம் — தெரியவில்லை! பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி. "உனக்கேன் இந்த வேண்டாத வேலை? திங்கக்கிழமை அணைச்சுப் போட்டா ஆச்சு" என்றான்.
பாதியில் விட்ட ஒரு வகுப்பைத் திறந்தேன்.

மார்ச் 7
நாலாம் பாடம். ஐந்து. ஆறு. சாப்பிட மறந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி
அகப்பட்டது! பேருந்து நிறுத்தங்களில் நேரம் காட்டும் பலகை ஒவ்வொன்றும் சர்வரோடு வந்து இணையும்போது பட்டியலில் சேர்க்கிறோம். விலகும்போது நீக்குவதே இல்லை. போனவர்களுக்கெல்லாம் இடம் பிடித்து வைத்தால் எந்த வீடு தாங்கும்? நீக்கச் சொல்லி ஒரே ஒரு வரி போதும்.
அடுப்படிக்கு ஓடினேன். மூச்சு விடாமல் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர், "ஒண்ணும் புரியல. இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன்.
ஐயோ, நேற்று வெள்ளிக்கிழமை! மேனேஜருக்குப் பதில் சொல்லவேயில்லை.

மார்ச் 10
புது வரியோடு சர்வரை ஓடவிட்டேன். பதவி கொட்டாவிக்குப் போய்விட்டது. கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்வானேன்.

மார்ச் 17, திங்கள்
ஒன்பது மணி. டீம் லீடர் கொட்டாவி பழக்கதோஷத்தில் சர்வரை அணைக்கக் கையை நீட்டினான். "தொடாதே" என்றேன். சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. இருவரும் நின்று பார்த்தோம்.
"ஏன் நிக்கல?" என்றான்.
நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.