செங்கொடி அப்பாவுக்கு, மயில்கொன்றை பற்றி

காலடிப்பேட்டை
4.2.2024

ரமாவுக்கு,

நான் நலம். என் போனை நீ எடுக்க மாட்டே, அதான் கடுதாசி. அஞ்சு வருஷமா இந்த ஒண்டி ரூம்ல கீறேன், வாசல் மொட்டையா கீது. நம்ம வூட்டு வாசல்ல நிக்கிற மயில்கொன்றையில நாலு விதை எடுத்து ஒரு கவர்ல போட்டு அனுப்பு. எப்படி வளக்கிறதுன்னும் எழுது.

வரதன்

எண்ணூர்
12.2.2024

செங்கொடி அப்பாவுக்கு ரமாபாய் எழுதுவது. எல்லாரும் சவுக்கியம்.

பேத்தி சடங்குல, சம்பந்தி வூட்டார் முன்னால, "அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்கு இன்னா தெரியும், உள்ள போ"ன்னே. நான் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னேன், கோச்சிக்கினு போயிட்டே. இப்ப அஞ்சாங்கிளாஸ் கிட்டயே கேக்கறே. சரி, எழுதறேன், நிதானமாப் படி.

இந்தக் கவர்லயே விதை ஏழு வெச்சிருக்கேன். தோல் கல்லு மாதிரி இருக்கும். ஒரு ஓரமா சிமெண்டுத் தரையில தேய், உள்ள வெள்ளை தெரிஞ்சா போதும். குளிக்கிற சூட்டுல தண்ணி வெச்சு ஒரு நாள் ஊறப்போடு. உப்பினது முளைக்கும். உப்பாததை மறுபடி தேய். மண்ணுல பாதி மணல் கல. நல்ல வெயில் படணும். தெனமும் தண்ணி ஊத்தாதே, மண்ணு காஞ்சா ஊத்து. விதையைக் குழந்தைங்க கைக்கு எட்டாம வெய்யி, வாயில போட்டா விஷம்.

ரமாபாய்

காலடிப்பேட்டை
21.7.2024

ரமாவுக்கு,

நாலு முளைச்சுது. முழங்கால் உயரம் வந்துது. இலையில சாம்பல் படியுதுன்னு, எண்ணூர்ல கரண்டு கம்பெனி சாம்பலை நாம துடைக்கிற மாதிரியே தெனமும் ஈரத்துணியால துடைச்சேன். அப்படியும் மூணு காஞ்சு போச்சு. ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போயிட்டா உனக்கு எழுத எனக்கு வேற சாக்கு இல்ல.

வரதன்

எண்ணூர்
26.7.2024

செங்கொடி அப்பாவுக்கு,

நாப்பது வருஷம் எண்ணூர்ல இருந்த ஆளுக்கு வெள்ளையா எதைப் பார்த்தாலும் சாம்பல்தான். செடியில எறும்பு ஏறுதா பாரு. சாம்பலைத் தேடி எறும்பு வராது. அது மாவுப்பூச்சி. ஒரே துணியால நாலையும் துடைச்சு நீயே பரப்பி வுட்டிருக்கே. அந்தத் துணியைத் தூக்கிப் போடு. சோப்புத் தண்ணியில ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் வுட்டு, வெயில் தாழ்ந்தப்புறம் இலைக்கு அடியில அடி. வாரம் ரெண்டு தரம். தேறினதும் நுனியைக் கிள்ளி வுடு, பக்கத்துல கிளைக்கும்.

சாக்கு அது இதுன்னு எழுதாதே. செங்கொடி படிச்சிட்டு சிரிக்கிறா.

ரமாபாய்

காலடிப்பேட்டை
9.3.2025

ரமாவுக்கு,

பூத்துடுச்சு. செவப்பும் மஞ்சளுமா, இடுப்பு உயரத்துக்கு நிக்குது. தெருவுல போறவங்க நின்னு பாக்கறாங்க. ஒரு யோசனை. ரூமைக் காலி பண்ணிட்டு, செடியைத் தோண்டி ஆட்டோல ஏத்திக்கினு அங்கியே வந்துடறேன். அன்னிக்கு அத்தினி பேர் முன்னால நான் பேசினது தப்பு. வரட்டுமா?

வரதன்

எண்ணூர்
16.3.2025

செங்கொடி அப்பாவுக்கு,

மயில்கொன்றை வேர் நேரா கீழ போற வேர். பூத்த செடியைத் தோண்டினா அறுந்துடும், ஒரு வாரத்துல காஞ்சுடும். அது அங்கியே நிக்கட்டும்.

ரூமையும் காலி பண்ணாதே. வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ரயில் ஏறி வா. செடி வேணாம், பொட்டி வேணாம், சுவீட்டு வேணாம். கையை வீசிக்கினு வா. வஞ்சிரம் வாங்கி வெக்கிறேன். சாப்பிட்டுட்டு சாயந்திரம் போயிடு.

தங்கறதைப் பத்தி நான் இன்னும் யோசிக்கல. யோசிச்சா எழுதறேன்.

ரமாபாய்