செகிஞ்சான் வயலில் தொங்கும் சம்பா

அப்பாவுக்கு வணக்கம்.

நலமா என்று கேட்க மனமில்லை. முட்டி வலி குறைந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

என் பிரேசில் சம்பா, ஜாஸ் பாட்டு சிடிகளை எல்லாம் நீங்கள் வேலை செய்யும் செகிஞ்சான் வயலில் குருவி விரட்டக் கட்டிவிட்டீர்களாம். பக்கத்து வீட்டு ரமணி படம் அனுப்பினாள். “புரியாத பாட்டு, குருவி வெரட்டவாச்சும் ஒதவட்டும்லா” என்றீர்களாமே! முதலாளி நெல்லுக்கு என் பாட்டா காவல்? எனக்கும்தான் அந்தப் பாஷை புரியாது. அம்மா போன பிறகு நீங்கள் வாயே திறக்காத வீட்டில் நான் கேட்ட ஒரே மனிதக் குரல் அதுதான்.

பச்சை நிற சிடியையாவது கழற்றி, துடைத்து, நான் வேலை செய்யும் பிந்துலுவுக்கு அனுப்புங்கள். கிட்டார் ஓய்ந்ததும் அதில் ஒரு பெண் சிரிப்பாள். இங்கே என் அறையில் சிரிக்க ஆளில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சிடி கீறிப் போயிருந்தால், போனை எடுத்து என்னைத் திட்டவாவது செய்யுங்கள்.

பவனேஷ்