ஐந்து வெள்ளைக் கோடுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

இங்கே ஒரு சின்னச் சண்டை, கவலைப்பட வேண்டாம். எங்கள் அருங்காட்சியகத்துப் பழைய போர் விமானத்தின் மூக்கருகே ஐந்து வெள்ளைக் கோடுகள் உண்டு. அது ஐந்து விமானங்களை வீழ்த்தியது என்று அர்த்தம். எட்டு மாதமாகப் பெயிண்டை அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்தேன். போர் முடிந்த பிறகு பூசிய பெயிண்டின் மேல்தான் அந்தக் கோடுகள் இருக்கின்றன. பதிவேட்டின்படி அது எதையும் வீழ்த்தவில்லை. முதல் சண்டையிலேயே குண்டடிபட்டு, விமானத்தை எப்படியோ தரையிறக்கிவிட்டு இருபது வயது விமானி இறந்துபோனான்.

"ஒண்ணையும் சுடாத விமானத்த யாரு மேடம் டிக்கெட் எடுத்துப் பாப்பா? கோடு பாட்டுக்கு இருக்கட்டும். அது அசல்தான்னு அறிக்கைல கையெழுத்துப் போடுங்க" என்றார் இயக்குநர்.

"செத்தவன் தலையில அஞ்சு கொலையக் கட்டறதுக்கு நான் எதுக்கு சார்? ஒரு பெயிண்டர் போதுமே" என்றேன்.

கையெழுத்துப் போடவில்லை. வேலை போனாலும் போகட்டும்.

உங்கள் பழைய ஸ்வெட்டரைத் துவைக்காமல் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை நீங்களே எடுங்கள், அண்ணன் இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறான்.

அந்த விமானியின் தங்கை இன்னும் இருக்கிறார், தொண்ணூறு வயது. இன்று நான்தான் வரச்சொன்னேன். அந்தக் கோடுகளை இயக்குநர் அவருக்கே விளக்கட்டும். வாசலில் கார் வந்துவிட்டது, போகிறேன் அப்பா.

உங்கள் மகள்