படிகள் இல்லாத புனே

உன் தம்பி அனுப்பிய தகரக் குழாய் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மூடியைத் திருகியதும் பழைய காகித வாசனையோடு அமோனியா நெடியும் லேசாக எழுந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் அது தங்கியிருக்குமா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. நம் வரைபட அறையில், அமோனியாவில் நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் அத்தனை வருடம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நெடி எங்கே வேண்டுமானாலும் வரும்.

உன் தம்பி முன்னாலேயே போன் செய்திருந்தான். "அக்கா சாமான்லாம் பிரிக்கோம். இந்தப் படமெல்லாம் ஒங்ககிட்ட இருந்தாத்தான் சரி" என்றான். உள்ளே நான்கு படங்கள். பெரியதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலைகளிலும் டம்ளர்களை வைத்தேன். கீழே தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் உன் அச்சு போன்ற எழுத்து: புனே, நூறு ஆண்டுகள் கழித்து.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. இத்தனை நாள் எனக்கு அழுகை சரியாக வரவில்லை. அந்த எழுத்தைப் பார்த்ததும் வந்தது.

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலையின் வரைபட அறையில் நாம் இருவர்தான் பெண்கள். இருவருக்கும் வீடு தேஹு ரோடு, இருவரின் அப்பாவுக்கும் அங்கே ராணுவ டெப்போவில் வேலை. உன் வீட்டில் திருநெல்வேலித் தமிழ், என் வீட்டில் வேலூர்த் தமிழ். நான் பேசுவதைக் கேட்டு நீயும், நீ பேசுவதைக் கேட்டு நானும் சிரிப்போம். போலியோ தாக்கிய உன் இடது காலில் இரும்புச் சட்டமும் கனமான பூட்சும் இருக்கும். அந்தக் காலத்து லோக்கல் ரயிலில் ஏறுவதென்றால் பிளாட்பாரத்திலிருந்து மூன்று படி. நீ கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்து, வலது காலை வைத்து, உடம்பு முழுவதையும் இழுத்து ஏற்றுவாய். முதல் நாள் பின்னாலிருந்து தாங்கப் போன என்னைத் திரும்பிப் பார்த்தாய். "டப்பாவைப் பிடி, போதும்." அதற்குப் பிறகு இரண்டு பேர் சாப்பாட்டு டப்பாவையும் பிடித்துக்கொண்டு உன் பின்னால் ஏறுவதே என் வேலையாயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், புனே கேம்ப் பகுதியில் பழைய பேப்பர் வாங்கி விற்கும் ரத்தி கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை உன் கையில் கிடைத்தது. எந்தக் காலத்துப் பத்திரிகையோ, அட்டை கிழிந்திருந்தது. ஏதோ ஒரு பெரிய நகரம் எதிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று பக்கம் பக்கமாகப் படங்கள். கோபுரங்களில் கட்டிப்போட்ட ஆகாயக் கப்பல்கள், இறக்கை முளைத்த கார்கள், முதுகில் விசிறி மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் பறக்கும் தொப்பிக்காரர்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. நீ மட்டும் சிரிக்காமல் வீடு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். அகுர்டி ஸ்டேஷன் தாண்டியதும் சொன்னாய்:

"எல்லாரும் பறக்காங்க. வீட்டு வாசல்ல எறங்குத எடத்த மட்டும் ஒருத்தனும் வரையல, பாத்தியா?"

நகரத்தில் ஓர் ஓவியச் சங்கம் அந்த வருடம் போட்டி அறிவித்தது. நூறு ஆண்டுகள் கழித்து நம் புனே எப்படி இருக்கும் என்பது தலைப்பு. பகல் முழுவதும் நட்டும் போல்ட்டும் பல்சக்கரமும் வரைந்த கையால் நீ ஒரு நகரத்தையே வரையப் போவதாகச் சொன்னபோது, நான் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

"ஏட்டி, பர்வதி மேல இருந்து பாத்தா ஊரு எப்படித் தெரியும்?"

"நல்லாத் தெரியும்."

"நல்லான்னா?"

பர்வதிக் குன்றின் மேலே கோயிலுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். உன்னால் அந்தப் படிகளில் ஏற முடியாது. ஆனால் உன் படம் அங்கிருந்து பார்ப்பதுபோலத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை நோட்டுப் புத்தகத்தோடு அனுப்பினாய். திரும்பி வந்து, காற்று நன்றாக வீசியது, ரொம்ப அழகாக இருந்தது என்றேன்.

"காத்தை நான் எப்படி வரைவேன்? ஆத்துப் பாலம் ஒனக்கு வலது கைப் பக்கமா, எடது கைப் பக்கமா? கடக்வாஸ்லா அணை தெரியுதா?"

"அணை தெரியல. அந்தப் பக்கம் மலைதான் தெரிஞ்சுது."

"அப்ப மலையப் போடுதேன். அடுத்த வாரம் பென்சிலை நீட்டிப் பிடிச்சு ஒவ்வொண்ணையும் அளந்துட்டு வா. ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல எத்தனை பென்சில்னு எழுது."

மூன்று ஞாயிறு ஏறி இறங்கினேன். கோயிலுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, புனேயைப் பென்சிலால் அளந்துகொண்டிருந்தேன். என் நோட்டும், நகர வரைபடமும், உன் மூளையும் சேர்ந்து எட்டு மாதத்தில் அந்தப் படம் ஆனது.

இன்று அதை மறுபடி பார்க்கிறேன். கூரைகளுக்கு நடுவே தூண்கள் மேல் ஓடும் ரயில். லக்ஷ்மி ரோடு நெடுகிலும் வெயில் படாமல் பந்தல். முட்டா நதியில் தெளிந்த தண்ணீர், கரையிலிருந்து தண்ணீருக்குள் மெல்லச் சரியும் பாதை. தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்கும் பஸ். மாடிக்கு மாடி முற்றம், முற்றத்தில் மரம், மரத்தில் துணிக்கொடி. ஒரு வடா பாவ் வண்டி. நூறு வருடம் கழித்தும் அது இருக்கும் என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லை. முன்னால் பர்வதிக் குன்று. அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு பாதை. அதில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, செவ்வந்தி மாலை ஏற்றிய தள்ளுவண்டி, பேப்பர் படித்துக்கொண்டே ஏறும் கிழவர். அந்தப் பத்திரிகைக்காரர்கள் வரைந்த நகரங்களில் வாகனங்கள்தான் இருந்தன. நீ வரைந்ததில் ஆட்கள் இருந்தார்கள். எதிர்காலத்தை அப்படிக் கற்பனை செய்ய எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

படத்துக்குப் பரிசு என்று கடிதம் வந்தது. விழா அன்று நீ உன் அம்மாவின் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாய். ரயிலிலும் ரிக்ஷாவிலும் போய் இறங்கினால், அந்தப் பழைய கட்டடத்தில் விழா இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வாசலில் நின்ற இரண்டு தொண்டர்கள் உன் காலைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள்.

"உட்காருங்க அக்கா, நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்றார்கள் மராத்தியில். நல்ல மனிதர்கள்.

நீ சிரித்தபடி அவர்களுக்கு நன்றி சொன்னாய். பிறகு என்னிடம் தமிழில், "சாமான் மாதிரி போயி எறங்க மாட்டேன். நீ மேல போ. படத்துல வெளிச்சம் சரியா விழுதான்னு பாத்துட்டு வா" என்றாய். வாட்ச்மேனின் ஸ்டூலில் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாய்.

நான் ஏறினேன். முப்பத்துநான்கு படிகள். மேலே போய் மூச்சு வாங்க உன் படத்தின் முன்னால் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். அந்த நகரம் முழுவதிலும் ஒரு படிகூட இல்லை. வீட்டில் இல்லை, ரயிலில் இல்லை, ஆற்றங்கரையில் இல்லை, பர்வதியில் இல்லை. எட்டு மாதம் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நான். மூன்று ஞாயிறு அந்தக் குன்றின் படிகளில் ஏறியவள். எனக்கே தெரியவில்லை.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மேடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்தது சந்தையில் காய்கறி வாங்கும் மராத்திதான். அதை வைத்துக்கொண்டு சொன்னேன்: "இதை வரைந்தவள் கீழே வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் படத்தில் ஒரு படிகூடக் கிடையாது. நீங்களே பாருங்கள்."

நடுவராக இருந்த வயதான ஓவியர் அம்மாள் எழுந்துபோய் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து படத்தில் படிகளைத் தேடினார். "பர்வதியில் எத்தனை நாள் உட்கார்ந்து வரைந்தாள்?" என்று கேட்டார். அவள் பர்வதிக்குப் போனதே இல்லை என்றேன். அந்த அம்மாள் படச் சட்டத்தை ஆணியிலிருந்து தானே கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். ஒரு முப்பது பேர் பின்னால் வந்தார்கள். மற்றவர்கள் டீ வருமென்று மேலேயே இருந்துவிட்டார்கள்.

சைக்கிள்கள் நிறுத்தியிருந்த வாசலில் உனக்குப் பரிசு கொடுத்தார்கள். அந்த அம்மாள் உன் பக்கத்தில் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு, பஸ் எப்படித் தரைக்குத் தாழும், சக்கர அச்சு தரையில் இடிக்காதா என்று கேட்டார். அரைமணி நேரம் நீ அவருக்கு அச்சையும் சக்கரத்தையும் விளக்கினாய். உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திரும்பும் ரயிலில் கிர்க்கி போயிற்று, டாப்போடி போயிற்று. காசர்வாடியில் கேட்டாய்.

"அவுங்க எறங்கி வந்தது படத்தப் பாத்தா, என்னப் பாவம்னு நெனச்சா?"

"படத்தைப் பார்த்துத்தான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ எம்மேல பிரியமா இருக்கதால சொல்லுத. இனி எனக்கு எப்பவும் தெரியாதுல்லா. நீ பேசாம பரிச வாங்கிட்டு வந்திருந்தா, படத்துக்குத்தான் குடுத்தாங்கன்னு நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

நான் செய்தது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் என்று அன்று சொல்ல வாய் வரவில்லை. தேஹு ரோட்டில் இறங்கும்போது நீயே டப்பாப் பையை என்னிடம் நீட்டினாய். அதை வாங்கிக்கொண்டதோடு சண்டை முடிந்தது.

நீ அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிடவில்லை. நம் கேன்டீனுக்கு ஐந்து படிகள். மழைக்காலத்தில் வழுக்கும் என்று நீ சேர்ந்த நாளிலிருந்து மேசையிலேயே சாப்பிட்டாய்; உன்னோடு நானும். ஒரு திங்கட்கிழமை புதுத் தாள் ஒன்றை மாட்டினாய். அதில் ஒரு சரிவுப் பாதை: முப்பது அங்குல உயரம், முப்பது அடி நீளம், ஓரத்தில் கைப்பிடி. தலைப்பு: கேன்டீன் பாத்திர வண்டிப் பாதை. சமையல்காரர்கள் குழம்பு அண்டாவைப் படியில் தூக்கிப்போவதில் எத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்று ஒரு குறிப்பும் எழுதினாய். நம் ஹெட் டிராஃப்ட்ஸ்மன் அதைப் படித்துவிட்டு, "இது ஏன் இத்தனை வருஷமா யாருக்கும் தோணல?" என்று கேட்டு அன்றைக்கே மேலே அனுப்பினார். அதில் உன் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டி முடித்த அன்று முதல் வண்டி ஏறியது, அதன் பின்னால் அண்டா துடைக்கும் அம்மா ஏறினார், அதன் பின்னால் நீ. எல்லோரும் வண்டியைத்தான் பார்த்தார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் என் காதில் சொன்னாய்: "இது படத்துக்குக் கெடச்சது."

அன்று உன்மேல் எனக்கு வந்த மரியாதை பிறகு குறையவே இல்லை.

போன வருடத்துக்கு முந்திய தீபாவளி சமயம் நீ சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாய். உன் தம்பியும் நானும் உன்னைப் பிம்ப்ரியில் மெட்ரோவுக்கு அழைத்துப்போனோம். வாசலிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து பிளாட்பாரம். ரயில் வந்தது. கதவு திறந்ததும் நாங்கள் கை வைக்குமுன் நீயே சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி உள்ளே போய்விட்டாய். டாப்போடிக்குப் பக்கத்தில் ஆற்றின் மேல் போகும்போது ஊர் கீழே விரிந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாய்.

"இவ்வளவு ஒசரத்துல இருந்து நான் ஊரப் பாத்ததே இல்லட்டி" என்றாய். பிறகு, "நூறு வருஷம்னு போட்டுட்டேன். கொஞ்சம் கூடப் போச்சு."

நானும் உன் தம்பியும் சிரித்தோம். நீ ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் வாசலை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பளபளவென்று கிரானைட்டில் மூன்று படிகள் என்று படம் காட்டினார்கள். சரிவுப் பாதை எங்கே என்று கேட்டேன். செயலாளர் மராத்திக்காரர், என் மகன் வயது; என்னைச் சித்தி முறையில் காக்கு என்பார். "காக்கு, நம்ம பில்டிங்ல வீல்சேர்ல யாரும் இல்லையே?" என்றார்.

"இன்னும் இல்லை" என்றேன். கூட்டத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று நான்கு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படியென்றால் நீங்களே வரைந்து கொடுங்கள் என்றார் செயலாளர்.

வரைந்தேன். கோடு முன்புபோல வருவதில்லை. முடித்துவிட்டு ஒரு நாள் தள்ளி வைத்து, நீ பார்ப்பதுபோல் பார்த்தேன். நாற்காலியில் வருகிறவள் மேலே வந்து கதவைத் திறக்க வேண்டும். கதவோ வெளிப்பக்கம் திறக்கிறது. அவள் நிற்கச் சமதளம் வைக்கவில்லை, பின்னால் உருண்டுவிடுவாள். அழித்தேன். மேலே ஐந்தடி சமதளம் விட்டு மறுபடி வரைந்தேன்.

நம் தொழிலில் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இரண்டு கட்டங்கள் இருக்குமல்லவா, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று. வரைந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் உன் முதலெழுத்தைப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அது யார் என்று அவர் கேட்கவில்லை. என் கையெழுத்தை நீ எப்படிப் போடலாம் என்று நீ சண்டைக்கு வருவாய். வா.