பாப்பாவின் கட்டியும் நைனாவின் கட்டியும்

என் அன்பு நைனா,

சேக்காட்டில் நம் தெரு முனைக்கு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. அம்மா நலம். உன் பேத்தி ஸ்டெல்லா எட்டாவது படிக்கிறாள். அவள் கன்னத்தில் அந்தக் கட்டி இருந்த இடத்தை இப்போது நானே தேட வேண்டியிருக்கிறது.

பிறந்த ஒரு மாதத்தில் அது செக்கச்செவேலென்று உப்பிக்கொண்டு வந்தபோது எப்படிப் பயந்தோம்! "ரத்தக்குழாய்க் கட்டிதான். ஆபத்தில்ல, கொஞ்சம் வளந்து தானாவே வத்திடும்" என்றார் டாக்டர். நீ நம்பவில்லை. "பொம்பளப் புள்ள மூஞ்சிம்மா, சும்மா உட்டுற முடியுமா?" என்று மாதாவுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாய். ஐந்து வயதில், டாக்டர் சொன்னபடியே வற்றியது. நீ நன்றி சொல்லப் போனது என்னவோ மாதாவிடம்தான். உன் பிடிவாதம் ஊருக்கே தெரியுமே.

மொட்டை அடித்ததும் உன் உச்சந்தலையில் கருநீலமாக ஒரு தடிப்பு தெரிந்தது. "பெரியவரே, எங்கனா இட்ச்சிக்கினீங்களா?" என்றார் மொட்டை அடித்தவர். நான் தொட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளையை வளர்த்த தைரியத்தில் பெரிய டாக்டரம்மா மாதிரி சொன்னேன்: "பாப்பாவுக்கு வந்துச்சே, அதே கட்டிதான் நைனா. நோண்டாத, தானா பூடும்."

டாக்டரை நம்பாத நீ என்னை நம்பினாய். நான்கு மாதம் நம்பினாய்.

தலையணையில் ரத்தம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "இதுவும் ரத்தக்குழாய்ல வர்றதுதான். ஆனா இது புற்றுநோய். முன்னாடியே வந்திருக்கலாமே?" என்றார் அங்கிருந்த டாக்டர். நீ என் முகத்தை ஒருமுறை பார்த்தாய். "நான்தான் சார், வேலை வேலைன்னு இருந்துட்டேன்" என்றாய். ஏன் நைனா அப்படிச் சொன்னாய்?

பேத்தியின் நோவை நீ வாங்கிக்கொண்டு போய்விட்டாய் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்: "என்னாலதான் தாத்தா செத்தாராம்மா?"

சீக்கிரம் போயிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைச் சுமக்க வேண்டியவள் நான், அவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மாவையும் அவளையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன், நைனா. இது சத்தியம். அம்மா என்னோடு பேசாமல் போகலாம். பரவாயில்லை. இவ்வளவு நாள் என் பாரத்தை ஒரு குழந்தை அல்லவா தூக்கிக்கொண்டிருந்தது!

உன் பேச்சைக் கேட்காத, ஆனால் நீ பேச்சு கேட்ட ஒரே மகள்,
ஜெசிந்தா