என் தம்பி நீட்டிய கை

உங்களை எழுப்ப மனசு வரல, அதான் எழுதி வெச்சிட்டு ஷிஃப்டுக்குப் போறேன். கஞ்சி குக்கர்ல இருக்கு. உப்பு போடல. ஊறுகாய் பாட்டிலை நான் எடுத்துட்டுப் போறேன், தேடாதீங்க.

நேத்து நீங்க மிஷின்கிட்ட மயங்கி விழுந்தப்ப கம்பெனி நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு, "வேலைக்குச் சேர்றப்ப பிரஷர் நூத்தி இருபதுதான். இப்ப நூத்தி எண்பது. இருபத்தி நாலு வயசுல எப்படிம்மா?"ன்னு கேட்டாங்க. சாயந்திரம் என் தம்பி பிரவீன்தான் ஒத்துக்கிட்டான். "பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சா வேலை கிடைக்காதுன்னு மாமாதான்க்கா கேட்டாரு. மெடிக்கல் செக்கப்புல அவர் பேரைக் கூப்பிட்டப்ப நான் போய் கையை நீட்டினேன்."

பிரஷர் வந்ததுக்கு நான் கோவிச்சுக்கல. தோல் பதனிடுற ஷாப்புல வேலை செஞ்சவங்க பெத்த பொண்ணு நான், நோவு எனக்குப் புதுசு இல்ல. தலைவலி ஏன்னு எத்தனை வாட்டி கேட்டேன்? வெயில்னு சொன்னீங்க. கட்டினவரும் கூடப்பிறந்தவனும் சேர்ந்து என்னை மட்டும் முட்டாளாக்கிட்டீங்க.

இன்னிக்கு நர்ஸம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடுவேன். வேலை போனா போகட்டும். உங்களுக்குக் கை கால் இழுத்துக்கிட்டா தூக்கி உட்கார வைக்கப் போறது நான்தான், பிரவீன் இல்ல.

மாத்திரை டிவி மேல இருக்கு. சாப்பிட்டதும் ஒண்ணு போடுங்க. போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன்.

மெர்சி

வாசக்கதவை உள்ளே தாழ் போடாதீங்க. பக்கத்து வீட்டு மஹ்பூபி அக்கா அப்பப்ப வந்து பார்ப்பாங்க. நீங்க விழுந்து கிடந்தா, கதவைத் திறக்க வீட்டுல வேற யாரு இருக்கா?